பதினாறாவது சொல்

கும்பகோணத்துத் திண்ணைகளில் 304 ஆடிக் கற்றவர்களுக்கு ஜாடை என்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. அத்தை காதுமடலைத் தொட்டால் ஆட்டின். மாமா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தால் டைமன். எதிரே இருப்பவர்கள் அதைக் கண்டுபிடித்துக் கூச்சலிடுவதும், அகப்பட்டவர்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து மறுப்பதும், அடுத்த ஆட்டத்துக்குள் ஜாடையை மாற்றிக்கொள்வதும் கோடை விடுமுறையின் பாதி இன்பம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓர் இனத்துக்கு 76; நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. இந்தக் கணக்கைப் பள்ளிக்கூட வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்துவிட்ட சிறுமி ஒருத்தி, ஜாடைகளையும் அதே வேகத்தில் கற்றுக்கொண்டாள்.

அந்தச் சிறுமிக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. புனேயில் பிரிட்ஜ் ஆடுகிற வட்டத்தில் அவரை எல்லோரும் அக்கா என்று அழைக்கிறார்கள். மராத்தியிலும் அச்சொல் உண்டு என்பதால் அவ்வழைப்பு யார் வாயிலும் இடறுவதில்லை. திருமணத்துக்குப் பின் கணவரோடு இவ்வூருக்கு வந்தவர். கட்கியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். ராஸ்தா பேட்டில் குடியிருக்கிறார். வாரத்தில் இரண்டு மாலைகள் ஆட்டோ பிடித்து, ஆற்றைக் கடந்து, டெக்கான் பக்கமுள்ள ஒரு மன்றத்துக்குச் செல்கிறார். அங்கே ஆட்டின் 'பதாம்' ஆகிறது; டைமன் 'சௌகட்' ஆகிறது; கிளாவர் 'கில்வர்', இஸ்பேட் 'இஸ்பிக்', துருப்பு 'ஹுகும்'. சீட்டுகள் அதே 52தான்.

அவருடைய தந்தைக்குச் சீட்டு என்றால் சூது. திருக்குறளில் சூதுக்குத் தனி அதிகாரமே இருக்கிறது என்பது அவருடைய வாதம். மகளோ பின்னாளில் கணக்குப் பிரிவுத் தோழி ஒருத்தியிடமிருந்து வேறொரு வாதத்தைப் பெற்றார். ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ரம்மியைப் பெரும்பாலும் திறனைச் சார்ந்த ஆட்டம் என்று ஏற்றது. அதில் உள்ள தற்செயல் எத்தகையது என்று விளக்க வந்தபோது நீதிமன்றம் ஒப்புக்குக் காட்டியது பிரிட்ஜ் ஆட்டத்தில் சீட்டுப் பகிர்வில் உள்ள தற்செயலை. தந்தை அத்தீர்ப்பைக் கேட்டபின்பும் இறுதிவரை மனம் மாறவில்லை. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜ் இரட்டையர் பிரிவில் தங்கம் வென்றபோது அவர் உயிரோடு இல்லை. தங்கம் வென்ற அவ்விருவரில் மூத்தவருக்கு அப்போது வயது 60 என்பதைச் செய்தித்தாளில் படித்த அக்கா, அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்.

அவருடைய ஜோடி, சதாசிவ் பேட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். அக்கா அவரை 'சர்' என்று அழைப்பார். இருவரும் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து ஆடினார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றது நான்கைந்து முறைதான். ஆயினும் அவர்கள் பேசிக்கொண்டதற்கு அளவில்லை; ஏனெனில் பிரிட்ஜின் பாதி, பேச்சு.

அந்தப் பேச்சின் சொல்வளம் மிகச் சிறியது. ஒன்று முதல் ஏழு வரை எண்கள் ஏழு. கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், துருப்பின்மை என ஐந்து. பாஸ், டபுள், ரீடபுள் என மூன்று. ஆக மொத்தம் பதினைந்து சொற்கள். எண்ணையும் இனத்தையும் இணைத்தால் 35 கேள்விகள்; மற்ற மூன்றையும் சேர்த்து ஒருவர் சொல்லக்கூடியவை 38. மறுபுறம், 52 சீட்டுகளை நால்வருக்குப் பகிரக்கூடிய வழிகளின் எண்ணிக்கை 29 இலக்கங்களில் அடங்கும் ஓர் எண். அத்தனை வகையான கைகளைப் பதினைந்து சொற்களால் விவரிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு சொல்லும் பல பொருள்களைச் சுமக்கிறது.

டபுள் என்ற சொல் ஒன்றே போதும். 'நீங்கள் கேட்டது நடவாது. தண்டம் இரட்டிப்பாகட்டும்' என்பதே அதன் முதற்பொருள். பிறகு, எதிரணி தாழ்ந்த நிலையில் கேட்டிருக்கும்போது யாரும் அப்பொருளில் டபுள் சொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை என்று கண்டார்கள். சும்மா கிடந்த அவ்விடத்தில், 'எனக்கு மற்ற இனங்களில் பலம் உண்டு, உனக்குப் பிடித்ததைச் சொல்' என்று கூட்டாளியை அழைக்கும் பொருள் குடியேறியது. 1957இல் அமெரிக்கரான ஆல்வின் ராத், தன் கூட்டாளி தொடங்கியபின் எதிரணி குறுக்கிட்டால் சொல்லும் டபுளுக்கு இன்னொரு பொருளைப் புகுத்தினார். அவ்வாண்டு அக்டோபரில் ரஷ்யர்கள் விண்ணுக்கு ஏவிய ஸ்புட்னிக்கின் பெயரே அதற்கும் வழங்கலாயிற்று. சொல் ஒன்று, எந்த உயரத்தில், யாருக்குப் பின், எதற்குப் பின் சொல்லப்படுகிறது என்பதைக் கொண்டே பொருள் தெளிகிறது. மொழி பயின்றவர்களுக்கு இது வியப்பளிக்காது.

பாஸ் இன்னும் நுட்பமானது. தமிழ் இலக்கணத்தில் தொகை என்று ஒன்று உண்டு. உருபு கண்ணுக்குத் தெரியாது. அதன் பொருள் மட்டும் தொக்கி நிற்கும். 'மோர்க்குடம்' என்றால் மோரையுடைய குடம் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஸ் அத்தகையது. தொடக்கத்தில் சொன்ன பாஸ் 'எனக்குக் கேட்கும் அளவு பலமில்லை' என்கிறது. கூட்டாளி டபுள் சொன்னபின் சொல்லும் பாஸ் 'இங்கேயே இவர்களை வீழ்த்துவோம்' என்கிறது. எதிரணி உயர்ந்து சென்றபின் சொல்லும் பாஸ் 'இனி முடிவு உன்னுடையது' என்கிறது. சொல்லாமை முழுவதும் சொல்லாகிவிடுகிறது.

ஓரணி மட்டும் பேசும்போது இம்மொழி நிதானமாக நடக்கும். படிப்படியாக ஏறிச் செல்லலாம். இரு அணிகளும் போட்டியிடும் ஏலத்தில் நிலைமை வேறு. ஒவ்வொரு கேள்வியும் அதற்குக் கீழேயுள்ள எல்லாக் கேள்விகளையும் அழித்துவிடுகிறது. ஆகவே பலவீனமான கை உடையவர்கூடத் தன்னிடம் ஓர் இனம் நீண்டிருந்தால் தடாலென்று மூன்று, நான்கு என்று தாவுவார். வெல்வது அவர் நோக்கமன்று. எதிரணி தங்களுக்குள் பேசிக்கொள்ள இடமில்லாமல் செய்வதே நோக்கம். எதிரணி முழு ஆட்டம் வென்று பெறும் புள்ளிகளைவிடத் தாம் தோற்றுத் தரும் தண்டம் குறைவாயின், தோற்பதே இலாபம்.

எதுவரை ஏறலாம்? இதற்கு ஒரு கணக்கை ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் 1966இல் வெளியிட்டார். 1969இல் 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழ் வழியாக அது ஆங்கில உலகத்தை அடைந்தது. 1992இல் லாரி கோஹன் எழுதிய நூல் அதை ஊர்தோறும் பரப்பியது. ஓரணி தனக்குச் சிறந்த இனத்தைத் துருப்பாக்கி ஆடினால் எத்தனை பிடிகள், மற்ற அணி தனக்குச் சிறந்ததைத் துருப்பாக்கினால் எத்தனை பிடிகள் என்று கூட்டினால், அத்தொகை இரு அணிகளின் துருப்புச் சீட்டுகளின் மொத்த எண்ணிக்கைக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும் என்பது அவர் கண்ட விதி. கணக்குப் பிரிவில் காலம் கழித்த அக்காவுக்கு இவ்விதி ஐந்தொகை போல இனித்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் இரவில், நால்வர் அணிப் போட்டி ஒன்றின் இறுதி ஆட்டம் நடந்தது. 24 பகிர்வுகள். அதே சீட்டுகள் இரு அறைகளிலும் ஆடப்படும். ஓர் அறையில் ஒரு சீட்டுக்கட்டின் இஸ்பேட் பக்கம் நம்மவருக்கு என்றால், மற்ற அறையில் அப்பக்கம் அவர்களுக்கு. இரண்டு முடிவுகளின் வேறுபாடு இம்ப் என்னும் அலகாக மாற்றப்படும். கோப்பை சிறியது, பித்தளை. அதை அவ்விருவரும் பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறையும் வென்றதில்லை. அவ்வாண்டு சருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 'இது கிடைத்தால் மனைவியின் படத்துக்குக் கீழே வைப்பேன்' என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிரே அமர்ந்திருந்தவர்கள் ஹிஞ்சவடியில் மென்பொருள் பணி செய்யும் இளைஞர் இருவர். நன்றாக ஆடுபவர்கள், கணினியில் பழகி வந்தவர்கள். கடைசிக்கு முந்தைய பகிர்வில் அக்காவின் கையில் ராஜாவைத் தலையாகக் கொண்ட இஸ்பேட் ஐந்து, ஒற்றை ஆட்டின், ராணியோடு டைமன் நான்கு, சிறு கிளாவர் மூன்று இருந்தன. எதிரணி வல்னரபிள், இவர்கள் அல்லர். அதாவது தோற்பதன் விலை இவர்களுக்கு மலிவு, வெல்வதன் பயன் அவர்களுக்கு மிகுதி.

இடப்புறத்து இளைஞர் 1 ஆட்டினில் தொடங்கினார். சர் 1 இஸ்பேட் கேட்டார். அடுத்தவர் 4 ஆட்டின் என்று தாவினார். சரிடம் இஸ்பேட் குறைந்தது ஐந்து, தன்னிடம் ஐந்து, ஆகப் பத்து என்று கணக்கிட்ட அக்கா 4 இஸ்பேட் வைத்தார். முதல் இளைஞர் சிறிதும் தயங்காமல் 5 ஆட்டின் வைத்தார்.

சர் யோசித்தார்.

பிரிட்ஜில் யோசிப்பது குற்றமன்று. ஆயினும் அது நீண்டது. சுவரில் கடிகாரம் இருந்தது. நாற்பது விநாடிகளுக்குக் குறையாது. அவருடைய விரல்கள் கேள்விப் பெட்டியின் பின்பகுதியைத் தொட்டு, மீண்டன. பிறகு பச்சை நிறப் பாஸ் அட்டையை எடுத்து வைத்தார். அடுத்த இளைஞரும் பாஸ். முடிவு அக்காவிடம் வந்தது.

அக்காவின் கணக்கு தெளிவாக இருந்தது. எதிரணியிடம் ஆட்டின் பத்து. தங்களிடம் இஸ்பேட் பத்து. கூட்டினால் இருபது பிடிகள். அவர்கள் 5 ஆட்டினுக்கு வேண்டிய பதினோரு பிடிகளை எடுப்பார்களாயின் தங்களுக்கு இஸ்பேட்டில் ஒன்பது. 5 இஸ்பேட் கேட்டு, டபுள் வாங்கி, இரண்டு குறைந்தால் இழப்பு 300. அவர்கள் ஆடி வென்றால் இழப்பு 650. பச்சைக் குழந்தையும் 5 இஸ்பேட் கேட்கும்.

அக்கா பாஸ் வைத்தார்.

சர் தன் இஸ்பேட் ஏஸை முதலில் இறக்கினார். இரண்டாம் சுற்றில் இஸ்பேட் துருப்பால் வெட்டப்படும் என்று இருவருக்குமே தெரியும். ஆகவே அதில் அக்கா போடும் சீட்டுக்கு இஸ்பேட்டைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. அது வேறோர் இனத்தைச் சுட்டலாம். பெரிய சீட்டு மேலினத்தையும் சிறிய சீட்டு கீழினத்தையும் அழைக்கும் இம்முறை 1934இல் ஹை லவிந்தால் என்பவர் வகுத்தது. அக்கா 2 இருக்க, 4 இருக்க, 6 இருக்க, 8ஐப் போட்டார். டைமனுக்கு வா என்று பொருள். சர் டைமனுக்கு வந்தார். அதில் ஒரு பிடி கிடைத்தது. காவலில் பிழையில்லை. ஆயினும் எதிரணி பதினொன்றை எடுத்தது.

மற்ற அறையில், இஸ்பேட் கைகளை வைத்திருந்த எதிரணி ஜோடி 5 இஸ்பேட் கேட்டு இரண்டு குறைந்து 300 கொடுத்திருந்தது. வேறுபாடு 350, அது 8 இம்ப். எஞ்சிய 23 பகிர்வுகளின் கூட்டலில் அக்காவின் அணி 3 இம்ப் முன்னணியில் இருந்தது. இறுதியில் ஐந்தால் தோற்றது.

அன்றிரவு மன்றத்தின் வாசலில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்று சர் கேட்டார்.

"அக்கா, நான் உடனே பாஸ் சொல்லியிருந்தால் நீங்கள் 5 இஸ்பேட் கேட்டிருப்பீர்களா?"

"கேட்டிருப்பேன், சர்."

"அப்படியென்றால் நான் யோசித்தது உங்களைத் தடுத்துவிட்டது."

"ஆமாம்."

"அந்தப் பிள்ளைகளுக்கு விதியே தெரியாது. யாரும் நடுவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்."

"தெரியும்."

சர் மேற்கொண்டு ஒன்றும் கூறாமல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

விதி தெளிவாகவே இருக்கிறது. டூப்ளிகேட் பிரிட்ஜ் விதிநூலின் 2017 பதிப்பில் 16ஆம் விதியும் 73ஆம் விதியும் இதைப் பேசுகின்றன. கூட்டாளியின் தயக்கம், குரல், முகபாவம் ஆகியவற்றிலிருந்து தெரியவரும் செய்தி அனுமதிக்கப்படாத செய்தி. அறிவுக்குப் பொருந்தும் வழிகள் பல இருக்கும்போது, அச்செய்தி எந்த வழியைப் பரிந்துரைக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நீண்ட தயக்கத்துக்குப் பின் வந்த பாஸ், 'எனக்கு பாஸ் சொல்ல மனமில்லை' என்று சொல்லிவிட்டது. அதற்குப் பின் அக்கா மேலே ஏறுவது, அந்தத் தயக்கத்தைக் கேட்டு ஏறியதாகவே கருதப்படும். தாவிக் கேட்கும்போது மட்டும் விதி முன்னெச்சரிக்கையாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. கேட்பவர் 'ஸ்டாப்' அட்டையை வைப்பார். அடுத்தவர் கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் பத்து விநாடி அளவு காத்திருக்க வேண்டும். எல்லோரும் காத்திருந்தால் காத்திருப்புக்குப் பொருளில்லாமல் போகும். 4 இஸ்பேட்டுக்கு மேல் 5 ஆட்டின் தாவல் அன்று. ஆகவே அன்று அந்தக் காப்பு இல்லை.

மொழியியலில் இதற்குப் பொருத்தமான ஒரு வேறுபாடு உண்டு. 1957இல், ராத் தன் டபுளைப் புகுத்திய அதே ஆண்டில், பால் கிரைஸ் என்ற தத்துவவாதி 'பொருள்' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடம்பில் எழும் கொப்புளங்கள் அம்மையைக் காட்டுகின்றன. அவை எதையும் சொல்ல நினைப்பதில்லை. பேருந்தில் நடத்துநர் மணியடித்தால் அது 'போகலாம்' என்று ஓட்டுநருக்கு உணர்த்துவதற்காகவே அடிக்கப்படுகிறது. முன்னது இயற்கைப் பொருள். பின்னது உணர்த்தக் கருதிய பொருள். பிரிட்ஜின் பதினைந்து சொற்களும் நடத்துநரின் மணி. சரின் நாற்பது விநாடி அம்மைக் கொப்புளம். அவர் அதைக் கூற நினைக்கவில்லை. அது அவர் மேல் எழுந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், கூட்டாளி அதைப் படித்துச் செயற்பட்ட மறுகணமே அது கொப்புளமாக இருப்பதை விட்டு மணியாகத் தொடங்குகிறது. அடுத்த முறை தயங்கும்போது அது கேட்கப்படும் என்று தயங்குபவருக்குத் தெரியும். யாரும் திட்டமிடாமலே மொழியில் பதினாறாவது சொல் ஒன்று சேர்ந்துவிடும். அதன் பிறகு பாஸ் என்பது பாஸாக இராது. விரைவான பாஸ், மெதுவான பாஸ் என்று இரண்டாகப் பிளந்து, அவ்விரண்டின் பொருளும் அந்த ஜோடிக்கு மட்டுமே தெரிந்ததாகிவிடும்.

இந்த ஆட்டத்தின் அறம் இவ்விடத்தில்தான் குடிகொண்டிருக்கிறது. ஒரு ஜோடி தங்கள் கேள்விகளுக்கு எப்பொருளையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்பொருளை எதிரணி கேட்டால் மறைக்காமல் விளக்க வேண்டும். பகைவர் முன்னிலையில் நண்பனோடு பேசு, பகைவருக்கும் புரியும்படி பேசு என்பது நிபந்தனை. அத்தையின் காதுமடல் இதற்கு நேரெதிர்.

பெரிய மேசைகளிலும் இந்தப் பதினாறாவது சொல் ஓயாமல் தலைகாட்டியிருக்கிறது. 1965இல் புயனோஸ் ஐரஸ் உலகப் போட்டியில் பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷபிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களால் ஆட்டின் எண்ணிக்கையைத் தெரிவித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். உலகக் கூட்டமைப்பு குற்றம் என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணை நிறுவப்படவில்லை என்றது. 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேசையின் குறுக்கே திரை கட்டினார்கள். அங்கே இத்தாலிய ஜோடி ஒன்றின் கால்கள் மேசைக்கு அடியில் பேசியதாகப் புகார் எழுந்தது. திரை பின்னர் தரைவரை இறங்கியது.

2015 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 10 வரை உலக அணிப் போட்டி சென்னையில் நடைபெற்றது. அக்கா மயிலாப்பூரில் தங்கை வீட்டில் தங்கி, சில நாட்கள் சென்று பார்த்துவந்தார். தம் ஊர் மண்ணில் பெர்முடா கோப்பை ஆடப்படுவதைக் காணும் பெருமையோடு சென்றவருக்கு அரங்கில் கேட்டது வேறு பேச்சு. அதற்கு முந்தைய மாதத்தில்தான் நார்வேயின் போயே புரோகலண்ட், தன் முன்னாள் அணியைச் சேர்ந்த லோட்டன் ஃபிஷர் – ரான் ஷ்வார்ட்ஸ் ஜோடி மீது பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டியிருந்தார். காணொளிகளை உலகெங்கும் இருந்து ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். சீட்டுப் பலகை மேசையில் எங்கே வைக்கப்படுகிறது, இறக்கும் சீட்டு நெடுக்காகக் கிடக்கிறதா குறுக்காகக் கிடக்கிறதா என்பவற்றிலெல்லாம் பொருள் தேடப்பட்டது. இஸ்ரேலும் மொனாக்கோவும் ஜெர்மனியும் விலகிக்கொண்டன. போலந்தின் ஒரு ஜோடிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. எஞ்சிய நால்வரே ஆடி, சுவீடனை வென்று கோப்பையைப் பெற்றார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் ஃபன்டோனி – நூனஸ் என்னும் இத்தாலிய ஜோடியின் மீதான தடையை 2018இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம், ஆதாரம் போதாதென்று நீக்கிவிட்டது. அதாவது, பார்த்தவர்கள் ஒரு சொல்லைப் படித்தார்கள். அது சொல்தானா என்பதை நீதிமன்றத்தால் உறுதிசெய்ய இயலவில்லை.

சென்னையிலிருந்து திரும்பியபின் சர் அக்காவிடம் ஆவலோடு விசாரித்தார். 'எப்படி ஆடினார்கள்?' என்று கேட்டார். 'எல்லோரும் சீட்டை ஒரே மாதிரி நேராக வைத்தார்கள், சர். பார்க்கவே பயமாக இருந்தது' என்று அக்கா பதில் சொன்னார். அவர் அப்போது வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த டிசம்பர் இரவுக்குப் பின் சர் மன்றத்துக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். அவர் கோபப்படவில்லை. மிக மரியாதையாகவே பேசினார். ஒன்று மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

"நான் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்திருந்தீர்கள் என்றால், என் யோசனையால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அதில் தவறு எங்கே வருகிறது?"

அக்கா சிறிது நேரம் பேசவில்லை.

"4 இஸ்பேட் வைக்கும்போதே அவர்கள் அஞ்சு போனால் நாமும் அஞ்சு போவது என்று நினைத்ததாகத்தான் எனக்கு ஞாபகம், சர். ஆனால் நீங்கள் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த பிறகு, அதை முன்னாலேயே நினைத்தேனா, உங்களைப் பார்த்தபின் நினைத்தேனா என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரியாதபோது எப்படிக் கேட்பது?"

மறுமுனையில் பதிலில்லை. 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

அந்த மூன்று மாதங்கள் அவர் பொறியியல் மாணவி ஒருத்தியோடு ஆடினார். பெண் சுறுசுறுப்பானவள். வலுவான கை வந்தால் அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துவிடுவாள். அக்கா எதிரே அமர்ந்து மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகினார். கணவர் காலமான வருடத்தில்கூட வியாழக்கிழமைகள் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை என்று தங்கையிடம் ஒருமுறை சொன்னாராம்.

மார்ச் மாதத்து வியாழன் ஒன்றில் சர் வந்தார். வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மாணவிக்கு அன்று தேர்வு. யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆட்டம் தொடங்கியது.

ஒன்பதாவது பகிர்வில் இவர்கள் ஆட்டினிலும் எதிரணி இஸ்பேட்டிலும் போட்டியிட்டு ஏறினார்கள். எதிரணி 4 இஸ்பேட் வைத்தபோது அக்காவின் முறை. டபுளா, ஐந்தா, பாஸா என்று தெரியவில்லை. அவருக்கு வயதாகிறது, முன்புபோல் கணக்கு உடனே கூடுவதில்லை. தான் நெடுநேரம் எடுத்துக்கொண்டதை அவர் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. பாஸ் அட்டையை வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்தவர் பாஸ். சர் தன் பச்சை அட்டையை எடுத்தார். விரைவும் இல்லை, தாமதமும் இல்லை. கேள்விகளின் மேல் அதை வைத்து விளிம்பைச் சரிசெய்தார்.

எதிரணி 4 இஸ்பேட்டைச் செய்து முடித்தது. ஆட்டத்தின் போக்கில் சரின் சீட்டுகள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன. ஆட்டின் ஆறு, இஸ்பேட் ஒன்றுகூட இல்லை. அது பாஸ் சொல்லும் கையன்று. மற்ற மேசைகளில் அக்கையை வைத்திருந்தவர்கள் எல்லோரும் 5 ஆட்டின் கேட்டு வென்றிருந்தார்கள்.

அக்கா அதை மதிப்பெண் தாளில் பார்த்தார். சர் பார்த்தாரா என்று தெரியவில்லை. இடைவேளையில் இருவரும் தெருமுனை அம்ருததுல்யக் கடைக்குச் சென்று தேநீர் குடித்தார்கள். சர் சர்க்கரை குறைவாகக் கேட்டார். மகன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போவதைப் பற்றிச் சொன்னார். அக்கா தண்ணீர் லாரி இரண்டு நாளாக வராததைப் பற்றிச் சொன்னார்.

அன்று பதினான்கு ஜோடிகளில் அவர்கள் பதினோராவதாக வந்தார்கள்.